உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது?

(உணவு ஆர்வலர்களின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை, சிறு திருத்தங்களுடன்)

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன் பேசி இந்த அவையின் பசியைப் பாதி தீர்த்துவிட்ட உணவியல் பேராசிரியர் அம்மையார் அவர்களே, இரவுப் பணி முடித்துக் கண்ணயராமல் நேரே இங்கு வந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, முப்பது ஆண்டுகளாக நெருப்பின் முன் நின்று உழைத்துவரும் மூத்த சமையற்கலைஞர் அவர்களே, நாற்காலி போட்டதிலிருந்து ஒலிபெருக்கி சரிபார்த்தது வரை எல்லாவற்றையும் தோளில் சுமந்த செயலாளர், பொருளாளர் நண்பர்களே, பின்வரிசையில் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பேராசிரியர் அம்மையாருக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லியாக வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, அதில் இருந்த மூன்று பிழைகளைப் பச்சை மையில் குறித்து அனுப்பியவர் அவர். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. மருத்துவர் ஐயாவோ, உப்பைக் குறையுங்கள் என்று இன்று காலை முதல் இந்த மேடையில் இரண்டு முறை சொல்லிவிட்டார். ஐயா, நானும் உப்பைப் பற்றித்தான் பேசப் போகிறேன், ஆனால் வேறு வகையில்.

நான்கு செய்திகள் சொல்வதாகக் குறிப்பு கொடுத்திருக்கிறேன். சாப்பிடப் பழகுவது, சமைக்கப் பழகுவது, மிஞ்சியதைக் காப்பது, பயணத்தில் உண்பது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பழமொழிதான். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்." என் கூட்டங்களுக்கு முன்பே வந்தவர்கள் இதை எதிர்பார்த்திருப்பீர்கள். இன்றும் நாலு தடவையாவது வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சாப்பாடு. வீட்டுக்குப் போனதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு தேக்கரண்டி சர்க்கரையில் ஒரு சிட்டிகை பட்டைத்தூள் கலந்துகொள்ளுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். பட்டை எங்கே போயிற்று என்று தேடுவீர்கள். மூக்கை விடுங்கள், அந்த நொடியில் வாயெல்லாம் பட்டை மணக்கும். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு, தொண்டைக்குப் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணம். சளி பிடித்தால் சோறு சப்பென்று இருப்பது அதனால்தான்.

நாக்கு தனியாக அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு ஐந்தாவதாக உமாமி. 1908-ல் டோக்கியோவில் கிகுனாயே இகேடா என்ற வேதியியலாளர், கடற்பாசி வேகவைத்த நீரின் அந்த நிறைவான ருசிக்குக் குளூட்டமேட்தான் காரணம் என்று பிரித்துக் காட்டினார். பழுத்த தக்காளியிலும் காளானிலும் நீங்கள் ரசிப்பது அதையே. காரம் இந்தப் பட்டியலிலேயே கிடையாது. சூடு பட்டால் திறக்க வேண்டிய நரம்பு வாசல் ஒன்று நம் வாயில் இருக்கிறது. மிளகாயில் உள்ள கேப்சைசின் சூடில்லாமலே அதைத் திறந்துவிடுகிறது. அந்த வாசலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. கேப்சைசின் தண்ணீரில் கரையாது. ஆகவே வாய் எரிந்தால் பால் குடியுங்கள், தண்ணீர் வேண்டாம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? நாக்கு பிறவியிலேயே முடிந்துபோன பொருள் இல்லை, பழக்கினால் பழகும். குழந்தை ஒரு காயைத் துப்பினால் "இவனுக்கு இது பிடிக்காது" என்று அன்றே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். எட்டு முறை, பத்து முறை, சில பிள்ளைகளுக்கு அதற்கு மேலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. நானே சர்க்கரை போடாத காபியை முதல் நாள் ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியாமல் கீழே வைத்தேன். இரண்டு வாரம் விடாமல் காலையில் அரைக் கோப்பை குடித்தேன். கசப்புக்கு உள்ளே ஒரு வறுத்த மணமும், அதற்கும் உள்ளே லேசான பழப் புளிப்பும் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. வாரம் ஒரு பழக்கமில்லாத பொருளை உண்பது என்று அன்று தொடங்கிய வழக்கத்தை இன்றுவரை விடவில்லை. சாகசத்துக்கு மலையேற வேண்டியதில்லை, தட்டிலேயே இருக்கிறது.

இரண்டாவது, சமையல். இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டும். கொஞ்சம் நீளும்.

என் அப்பா கணக்கர். நாக்கு தராசு மாதிரி. முதல் கவளம் வாய்க்குள் போனதும் "உப்பு ஒரு கல்லு கம்மி" என்பார். அம்மா எழுந்து போய் எடுத்து வருவார். நாற்பத்தொரு வருடம் அந்த வீட்டில் அதுதான் நடந்தது. யாரும் அதைக் கொடுமையென்று நினைக்கவில்லை, அம்மா உட்பட.

பதினொரு வருடங்களுக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து பத்தொன்பது நாள் மருத்துவமனை. நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன்; வந்து சேர்ந்தது மூன்றாம் நாள் காலை. இரண்டு நாள் பக்கத்து வீட்டார் சாப்பாடு கொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் அப்பா, "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம், நானே பாத்துக்கறேன்" என்று சொல்லியனுப்பிவிட்டார். அம்மாவுக்குக் கஞ்சி வைத்து எடுத்துப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை.

நான் பையோடு உள்ளே நுழைகிறேன். சமையலறை மேடை முழுக்க மூடி திறந்த டப்பாக்கள். பதினொன்று இருந்தன, நான் எண்ணினேன். அப்பா ஒவ்வொன்றிலும் விரலை வைத்து, நாக்கில் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று சர்க்கரை. ஒன்று அரிசி மாவு. ஒன்று சமையல் சோடா. அதைத் தொட்டு முகம் சுளித்தார். விரல் நுனியெல்லாம் வெள்ளை. என்னைப் பார்த்தவர், "உப்பு எங்கடா இருக்கு?" என்று கேட்டார்.

நாற்பத்தொரு வருடம் உப்பு கம்மி என்று சொன்ன மனிதருக்கு, உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியவில்லை.

அதைவிட எனக்கு வலித்தது, அவர் கேட்ட கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை என்பதுதான். நான் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன். இருபத்திரண்டு வருடம் அந்தச் சமையலறையில் வந்த சோற்றைத் தின்றவன்.

அம்மாவுக்குப் போன் போட்டோம். செவிலியர் காதருகே பிடித்துக்கொண்டார். மயக்கம் கலந்த குரலில் அம்மா சொன்னார்: "அடுப்புக்கு எடது பக்கம், கீழ்த்தட்டு, மூடி உடைஞ்ச டப்பா." அப்புறம் அவரே தொடர்ந்தார். "ஏங்க, ஒரு டம்ளர் அரிசின்னா ஏழு டம்ளர் தண்ணி. கொதிச்சதும் தீயக் கொறச்சிருங்க. கிண்டிக்கிட்டே இருங்க, இல்லன்னா அடி பிடிக்கும். உப்பு கடசில." இடுப்பில் கட்டோடு படுத்துக்கொண்டு அம்மா சமைத்தார், அப்பாவின் கையால்.

முதல் நாள் அடி பிடித்தது. அரிசியின் மாவுச்சத்து கீழே படிந்து இறுகும், தீ அதிகமானால் கருகும். அப்பா தீயைக் குறைக்க மறந்துவிட்டார். அன்று மாலையே பழைய கணக்குப் புத்தகம் ஒன்றை எடுத்துக் கோடு போட்டார். தேதி, அரிசி, தண்ணீர், நேரம், குறிப்பு. முதல் வரியில் "அடி பிடித்தது, தீ அதிகம்". இரண்டாம் நாள் "நீர்த்துவிட்டது". மூன்றாம் நாள் "அரிசி வேகவில்லை, அவசரம்". நான்காம் நாள் "உப்பு கம்மி" என்று எழுதி, அந்த இரண்டு சொல்லுக்கும் அடியில் கோடிட்டிருக்கிறார். ஏன் கோடிட்டார் என்று நான் இதுவரை அவரிடம் கேட்டதில்லை.

ஐந்தாம் நாள் எடுத்துப் போனோம். அம்மா ஒரு கரண்டி வாங்கினார். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தார். "உப்பு சரியா இருக்குங்க" என்றார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

(கைதட்டல் நின்ற பிறகு தொடர்ந்தது.)

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். என் அப்பாவின் சட்டியில் சின்ன வயதில் யாரும் இதைப் போடவில்லை, அறுபத்தாறு வயதில் அகப்பையை விட்டுத் துழாவினார். அவர் கெட்டிக்காரர், பிடித்துக்கொண்டார். முடியாமல் போனவர்கள் எத்தனை பேர்!

அந்த மாதம்தான் நானும் அடுப்பைப் பற்ற வைத்தேன். எனக்குப் பாடம் நடத்தியது வெங்காயம். பொன்னிறமாக வதக்கு என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது இருக்கும்வரை வெங்காயத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. நிறம் விறுவிறுவென்று பிடிக்க 140 டிகிரி அளவுக்கு ஏற வேண்டும். அந்த நிறத்துக்கும் மணத்துக்கும் காரணமான வினையை 1912-ல் விளக்கிய பிரெஞ்சுக்காரர் லூயி காமில் மயார். ரொட்டியின் மேல்தோலும் வறுத்த காபியும் அவர் பெயரால் வழங்கும் அதே வினைதான். தீயைக் கூட்டி அவசரப்பட்டால் ஓரம் கருகும், நடு பச்சையாகவே இருக்கும். சிறு தீயில் வையுங்கள். முதலில் சடசடவென்று சத்தம். பிறகு அது தணிந்து சீறலாக மாறும். கண்ணைக் கரிக்கும் நெடி போய், ஒரு கட்டத்தில் இனிப்பு மணம் எழும். ஓரங்கள் தேன் நிறமாகும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த அரை மணி நேரம் வேறெதுவும் செய்யாமல் நிற்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கோபக்காரனாக இருந்த நான் அலுவலகத்தில் மறுமொழி சொல்லுமுன் நிதானிக்கிறேன் என்றால், அந்தப் பழக்கம் அடுப்படியில் வந்தது.

மூன்றாவது செய்தி, மிஞ்சியதைக் காப்பது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-ல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 விழுக்காடு வீடுகளில். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள், 5 டிகிரிக்குக் கீழே குளிரவையுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது இது. சோற்றில் இது இன்னும் முக்கியம், வேகவைத்தாலும் சாகாத கிருமி வித்து அதில் உண்டு. இன்னும் விரிவாகப் பேசத்தான் வந்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பயணத்தில் உண்பது பற்றி அடுத்த ஆண்டு பேசுகிறேன். மீதமுள்ள நேரத்தை நான் எதற்காக வந்தேனோ அதற்குத் தாருங்கள்.

பள்ளியில் சமையலைப் பாடமாக வையுங்கள். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் சேர்த்து. இது புதுமையும் இல்லை, புரட்சியும் இல்லை. ஜப்பானில் உயர்நிலைப் பள்ளியில் மனையியல் ஒரு காலத்தில் பெண்களுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது. 1989-ல் பாடத்திட்டத்தைத் திருத்தி, 1994 முதல் அங்கே இருபாலருக்கும் கட்டாயமாக்கினார்கள். இங்கிலாந்தில் 2014 முதல் 14 வயது வரை சமையலும் ஊட்டச்சத்தும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. பாடச்சுமை கூடும் என்கிறார்கள். வாரத்துக்கு ஒரு வகுப்பு போதும். கத்தியும் நெருப்பும் ஆபத்து என்கிறார்கள். முதல் வருடம் நெருப்பே வேண்டாம். கை கழுவ, காய் கழுவ, உரிக்க, அளக்க, ருசி பார்க்கக் கற்றுக்கொடுங்கள். இரண்டாம் வருடம் ஒரு முட்டை, ஒரு பிடி அரிசி. இடுப்பில் கட்டோடு படுத்திருக்கும் ஒருத்திக்குப் போன் போட்டு உப்பு எங்கே என்று கேட்காத ஒரு தலைமுறையை இவ்வளவு சிறிய செலவில் வளர்க்க முடியும்! பேராசிரியர் அம்மையார் பாடத்திட்ட வரைவு ஒன்றை எழுதித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு இந்த அவை எழுந்து நின்று நன்றி சொல்ல வேண்டும்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பத்து வயதுச் சட்டியில் போடுங்கள், அய்யா. அறுபது வயது வரை அகப்பை நிறைய வரும்.

கல்வித்துறைக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து என் அப்பாவுடையது. மூன்றாம் வரிசையில், ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். எழுபத்தேழு வயது. இன்று காலை எங்கள் வீட்டில் சமையல் அவருடையது, அம்மா உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டாவது கையெழுத்து தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று மூத்த சமையற்கலைஞர் மேடைக்கு வரும்போதே சொல்லிவிட்டார். அவருக்குப் பின்னால் வரிசையில் நில்லுங்கள். பிள்ளைகளுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறோம், அவர்களும் பெயர் எழுதட்டும். வணக்கம்.