ஹாலேயிலிருந்து போன இன்னொரு சபை

பெரியோர்களே, நண்பர்களே,

தரங்கம்பாடியில் ஜெர்மன் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் உங்களில் பலருக்குத் தெரியும். 1718இல் பிரதிஷ்டையானது. அமெரிக்காவின் ஜார்ஜியாவிலும், சவன்னா ஆற்றோரம், எருசலேம் என்ற பெயரிலேயே ஒரு லுத்தரன் ஆலயம் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஜெர்மனியின் ஹாலே நகரம். சீகன்பால்க் அங்கே படித்தவர். ஜார்ஜியா சபையின் முதல் போதகர்களான போல்ட்சியஸும் குரோனாவும் அங்குள்ள அநாதை இல்லப் பள்ளியில் ஆசிரியர்களாக இருந்தவர்கள். லண்டனிலிருந்து எஸ்.பி.சி.கே. என்ற கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம் இரண்டு பணிகளுக்கும் உதவியது.

அந்தச் சபையார் யார்? 1731 அக்டோபர் 31 அன்று, அதுவும் லூதரின் சீர்திருத்தத்தை நினைவுகூரும் திருநாளில், இன்றைய ஆஸ்திரியாவிலுள்ள சால்ஸ்பர்க்கின் கத்தோலிக்கப் பேராயர் பிர்மியான் தம் ஆட்சிக்கு உட்பட்ட புராட்டஸ்டன்டுகளை நாடு கடத்தும் ஆணையில் கையெழுத்திட்டார். நிலமில்லாத கூலிகளுக்குக் கிடைத்த அவகாசம் எட்டே நாள். வெளியே குளிர்காலம். ஏறக்குறைய 20,000 பேர் ஊரை விட்டுப் போனார்கள். பெரும்பாலோருக்குப் பிரஷ்ய மன்னர் இடம் கொடுத்தார். ஒரு சிறு கூட்டம் மட்டும், ஆக்ஸ்பர்க் போதகர் உர்ல்ஸ்பெர்கரின் ஏற்பாட்டில், கடல் கடந்து 1734 மார்ச்சில் சவன்னா வந்து சேர்ந்தது.

எபெனேசர் என்று பெயர் வைத்த முதல் குடியிருப்பு அவர்களை வாட்டி எடுத்துவிட்டது. மணல் பூமி, விளைச்சல் இல்லை. காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் பலர் செத்தார்கள். 1736இல் ஆற்றங்கரை மேட்டுக்கு இடம் மாறினார்கள். அப்புறம்தான் வாழ்க்கை பிடிபட்டது. அநாதை இல்லம் வந்தது, மாவு ஆலை வந்தது, முசுக்கொட்டை நட்டுப் பட்டும் நூற்றார்கள்.

இந்தச் சபையின் வரலாற்றில் நாம் நின்று படிக்க வேண்டிய பக்கம் 1739. ஜார்ஜியாவில் அப்போது அடிமை முறைக்குத் தடை இருந்தது. இந்த வெயிலில் வெள்ளையர் வயல் வேலை செய்ய முடியாது, அடிமைகளை அனுமதியுங்கள் என்று சவன்னா குடியேறிகள் மனு போட்டார்கள். எபெனேசர் மக்கள் எதிர்மனு போட்டார்கள். நாங்களே நெல் விளைவிக்கிறோம், எங்களால் முடிகிறது, தடையை நீக்காதீர்கள் என்றார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தக் கையால் உழுதவர்களின் சாட்சி அது. ஆனால் அதே மனுவில், கறுப்பின மக்கள் வந்தால் எங்கள் வீடும் தோட்டமும் கொள்ளை போகும் என்ற பயமும் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வரியை மறைத்துவிட்டு அவர்களைப் புனிதர்களாக்க எனக்கு மனமில்லை. அந்த வரிக்காக மனுவையே ஒதுக்கிவிடவும் மனமில்லை. அன்றைய ஜார்ஜியாவில் அடிமை முறை வேண்டாம் என்று கூட்டாகக் கையெழுத்துப் போட்டவர்கள் மிகச் சிலரே.

அந்த உறுதி நீடிக்கவில்லை. போல்ட்சியஸ் வருடக்கணக்கில் வாதாடினார். கடைசியில் உர்ல்ஸ்பெர்கரே, அடிமைகளை விசுவாசத்தில் நடத்தும் நோக்கத்தோடு வாங்கினால் பாவமாகாது என்ற கருத்தில் கடிதம் எழுதிவிட்டார். நாடு கடத்தப்பட்டவர்களுக்குக் கப்பல் ஏற்பாடு செய்த அதே மனிதர்! 1750இல் தடை போனது. எபெனேசரிலும் அடிமைகளை வாங்கத் தொடங்கினார்கள். அந்தக் கடிதத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

இப்போது நிற்கும் ஆலயம் 1767க்கும் 1769க்கும் இடையில் கட்டியது. செங்கல்லை அவர்களே ஆற்றங்கரைக் களிமண்ணில் அறுத்தார்கள். காயாத கல்லில் பதிந்த விரல் தடங்கள் இன்னும் சில கற்களில் தெரிகின்றன. அந்தக் களிமண்ணைத் தொட்ட கைகள் எல்லாம் சுதந்திரமான கைகளா என்று கேட்காமல் அவற்றைப் பார்க்க முடியாது.

அமெரிக்கச் சுதந்திரப் போரில் ஊர் இரண்டாகப் பிளந்தது. சபையைச் சேர்ந்த டிராய்ட்லன் 1777இல் ஜார்ஜியாவின் முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரானார். 1779இல் பிரிட்டிஷ் படை ஆலயத்தைப் பிடித்து, மருத்துவமனையாகவும் குதிரை லாயமாகவும் வைத்துக்கொண்டது. போருக்குப் பின் ஊர் மெல்ல அழிந்துபோனது. ஆனால் சபை கலையவில்லை. இன்றும் அதே ஆலயத்தில் ஆராதனை நடக்கிறது.

ஒரு வேண்டுகோள். தரங்கம்பாடிக் கடிதங்கள் இருக்கும் ஹாலே காப்பகத்தில்தான் எபெனேசர் கடிதங்களும் இருக்கின்றன. சீகன்பால்க்கைத் தேடி அங்கே போகும் நம் ஆய்வாளர்கள் அவற்றையும் வாங்கிப் படிக்க வேண்டும். ஒரே இடத்திலிருந்து போன போதகர்கள் அங்கே அடிமை முறையையும் இங்கே சாதியையும் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதை ஒப்பிட்டு எழுத ஆள் வேண்டும்.

நன்றி.