பெரட்டுக்கு வராத ரேம்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வருகிறேன். அங்கே டவுனில் கணினி பழுது பார்ப்பதுதான் என் தொழில். பேச அழைத்தபோது இணையப் பாதுகாப்பு, செயற்கை நுண்ணறிவு என்று பெரிய தலைப்புகளெல்லாம் சொன்னார்கள். எனக்கு ஒரு சாண் நீளம்கூட இல்லாத ஒரு சாமானைப் பற்றிப் பேசவேண்டும் என்றுதான் தோன்றியது. ரேம். கணினி வேலை செய்யும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் சின்ன நினைவகப் பலகை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மழை விட்ட நேரம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் மோட்டாரை ஓட்டி வர, பின்னால் ஐந்தாம் படிவம் படிக்கும் அவர் மகன் கணினிக் கேசிங்கைப் போர்வையில் சுற்றி மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். இரவுச் சந்தையான பசார் மாலாமில் ஒரு கடையில் நின்று சேர்த்த காசில், மாதம் ஒரு சாமானாக வாங்கி அவனே பூட்டிய கணினி. சுவிட்சைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஸ்கிரீனில் மட்டும் ஒன்றும் இல்லை. சாமான் வாங்கிய கடையில் கேட்டிருக்கிறார்கள். திறந்துகூடப் பார்க்காமல், "ரேம் போச்சு, வேற வாங்குங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அப்பா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "புது ரேம் எவ்வளவு வரும் தம்பி?" ரேம் விலை ஏறிக்கிடக்கிற நேரம் இது. பார்க்காமல் அதற்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேசிங்கைப் படுக்க வைத்து, பக்கத்துத் தகட்டைக் கழற்றி, டார்ச்சைத் தாழ்வாகப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு ரேம். அந்த மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகமும் பூட்டும் பெரிய பலகையில், ரேம் செருகும் ஸ்லாட்டின் ஒரு முனையில்தான் கிளிப் உண்டு, மறுமுனை அசையாது. கிளிப் இருந்த பக்கம் இரண்டும் ஒழுங்காகப் பூட்டியிருந்தன. மறுபக்கத்தில் ஒரு ரேமுக்கு அடியில் மட்டும் மெல்லிய தங்கக் கோடு ஒன்று தெரிந்தது. நகத்தின் விளிம்பு அளவுதான். ரேமின் அடிவிளிம்பில் இருக்கும் தொடுமுனைகள் அவை. ரேம் முழுதாக இறங்கியிருந்தால் அந்தத் தங்கம் ஒரு முனையில் மட்டும் இப்படி எட்டிப்பார்க்காது.

"இங்கே கட்டைவிரலை வைத்து அழுத்து" என்றேன். பயந்து பயந்து அழுத்தினான். இறங்கவில்லை. "உடைஞ்சிடாதா அண்ணே?" என்றான். "கோணாமல் நேராக அழுத்து, உடையாது" என்றேன். டக்கென்று ஒரு சத்தம். தங்கக் கோடு மறைந்தது. சுவிட்சைப் போட்டோம். கொஞ்ச நேரம் கறுப்பு, அப்புறம் எழுத்து வந்தது. 16 ஜிபி.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பெரட்டு தெரியும். விடியும் முன்னே எல்லாரும் வந்து நின்று, பேர் கூப்பிட்டு, ஆள் கணக்கு சரியான பிறகுதான் வேலை பிரித்துக் கொடுப்பார்கள். சுவிட்சைப் போட்டதும் கணினி முதலில் எடுப்பது பெரட்டுதான். கணினியின் மூளையான சிபியு இருக்கிறதா, ரேம் பதில் சொல்கிறதா, படம் காட்டும் பாகம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறது. ரேமில் டிடிஆர்3, 4, 5 என்று தலைமுறைகள் உண்டு. டிடிஆர்4 ரேமுக்கு அடியில் 288 தொடுமுனைகள். டிடிஆர்5-க்கும் அதே 288. அதில் முக்கியமான ஒன்று ஸ்லாட்டுக்குள் தொடாமல் நின்றாலே பெரட்டு அங்கேயே நின்றுவிடும். ஸ்கிரீனுக்குப் படம் அனுப்பும் கட்டமே வராது. ரேம் உண்மையிலேயே கெட்டுப்போனாலும் இதே கறுப்புத் திரைதான், சரியாக உட்காராமல் இருந்தாலும் இதே கறுப்புத் திரைதான். அதனால்தான் பார்க்காமல் சொல்லக்கூடாது என்கிறேன். 'ரேம் போச்சு' என்று என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை உட்காராத ரேம்தான்.

சரி, வீட்டில் எப்படிப் பார்ப்பது? முதலில் கரண்ட். கணினியை அடைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்குங்கள். கணினியை அடைத்திருந்தாலும் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் மதர்போர்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த நிலையில் ரேமைக் கழற்றினாலோ பூட்டினாலோ, நல்ல ரேமும் நிஜமாகவே போய்விடலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் வடியும். பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ரேமை ஓரங்களில் பிடிக்கவேண்டும், தங்கப் பக்கத்தில் விரல் படக்கூடாது.

ரேமின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். ஸ்லாட்டில் அதற்கேற்ற மேடு இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் வரவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள். திருப்பியும் வரவில்லை என்றால் அது வேறு வகை ரேம். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒவ்வொன்றுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று போகாது, பலத்தைக் காட்டினால் ஸ்லாட்தான் உடையும். வெட்டு பொருந்திவிட்டதா, அப்புறம் தயங்காதீர்கள். இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்து, ஒரே சீராக அழுத்துங்கள். பிள்ளைகள் பயப்படுவது இந்த இடத்தில்தான். கிளிப் தானாக மூடிக்கொள்ள வேண்டும். நாம் கையால் கிளிப்பை மூடிவிட்டு, பூட்டிவிட்டது என்று நம்பினால் அந்தப் பையனுக்கு நேர்ந்தது நமக்கும் நேரும்.

அவன் கணினிக்குத் திரும்புகிறேன். ஸ்கிரீன் வந்ததும் அப்பா போர்வையை மடிக்கத் தொடங்கிவிட்டார். நான் மறுபடியும் பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். ஏனென்றால் நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேமையும் பக்கத்தில் பக்கத்தில், முதல் இரண்டு ஸ்லாட்டில் போட்டிருந்தான். பெரும்பாலான போர்டுகளில் சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்தான் சரியான இடம். போர்டின் மேலேயே ஏ2, பி2 என்று பொடி எழுத்தில் இருக்கும். அப்படிப் போட்டால் சிபியு இரண்டு பாதையிலும் ஒரே நேரத்தில் தகவல் எடுக்கும். பக்கத்தில் பக்கத்தில் போட்டால் ஒரே பாதை. கணினி ஓடும், ஆனால் கொடுத்த காசுக்கு ரேமின் முழு வேகம் கிடைக்காது. சில போர்டுகள் தவறான ஸ்லாட்டில் போட்டால் ஓடவே ஓடாது.

எல்லாம் சரியாக இருந்தும் ஸ்கிரீன் வரவில்லையா? ஒரே ஒரு ரேமை மட்டும் ஏ2-வில் போட்டுப் பாருங்கள். அப்புறம் மற்றதை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்று ஓடி ஒன்று ஓடவில்லை என்றால் ரேமின்மேல் சந்தேகம். இரண்டும் அங்கே ஓடி, வேறொரு ஸ்லாட்டில் ஓடவில்லை என்றால் சந்தேகம் ஸ்லாட்டின்மேல். ரேமின்மேல் ஒன்று, இரண்டு என்று டேப் ஒட்டி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை மாற்றும்போது எது எது என்று நிச்சயம் குழம்பும். அதற்கும் அசையவில்லை என்றால் சிஎம்ஓஎஸ் அழிப்பு, அதாவது போர்டு நினைவில் வைத்திருக்கும் அமைப்புகளை அழிப்பது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி வைத்தாலே பழைய அமைப்புகள் பொதுவாக அழிந்துவிடும். பிறகு தேதியையும், நீங்கள் மாற்றி வைத்திருந்த மற்ற அமைப்புகளையும் திரும்பப் போடவேண்டியிருக்கும்.

டிடிஆர்5 வாங்கியவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முதல் தடவை சுவிட்சைப் போடும்போது போர்டு அந்த ரேமோடு பழகிக்கொள்ளும். சில கணினிகளில் அதற்குப் பல நிமிடங்கள்கூட ஆகும். அதுவரை திரை கறுப்புதான். பாதியில் பயந்து அடைத்துவிடாதீர்கள், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். எழுந்து போய் ஒரு தே தாரேக் கலக்கிக் குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

இன்னொரு சம்பவம். ஓர் ஆசிரியை, 16 ஜிபி போட்டும் கணினி 8 தான் காட்டுகிறது என்றார். ரேம் இரண்டும் நல்ல ரேம், ஸ்லாட்டில் தூசி இல்லை. சிபியு மேல் இருக்கும் கூலரின் ஸ்குரூவில் ஒரு மூலை மட்டும் மிக இறுக்கம். ரேமின் பாதை சிபியுவின் அடியில் இருக்கும் முனைகள் வழியாகத்தான் போகிறது. ஒரு பக்கம் அழுந்தி ஒரு பக்கம் தூக்கினால் அந்தப் பாதை அறுந்துபோகும். எல்லாவற்றையும் தளர்த்தி, குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன், 16 வந்துவிட்டது. ஆனால் 16 போட்டு 15.8 தான் பயன்படுத்தலாம் என்று வந்தால் அது குற்றமில்லை. கொஞ்சத்தைக் கணினி தனக்கு ஒதுக்கிக்கொள்கிறது.

வேகத்தைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். ரேம் பெட்டியில் வேகம் 3200 என்று இருக்கிறது, கணினி 2666 தான் காட்டுகிறது. சிபியுவும் போர்டும் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் ஓடும். உதாரணமாக, எச்410 வகைப் போர்டில் ஐ5-10400 என்ற சிபியு போட்டால் 2666-க்கு மேல் போகாது. தாங்கக்கூடிய போர்டாக இருந்தால், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் என்ற அமைப்புப் பக்கத்தில், ரேமைப் பெட்டியில் எழுதிய வேகத்தில் ஓட வைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்று இருப்பதை ஆன் செய்யுங்கள், போதும்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ரேமின் தங்கப் பக்கத்தைப் பள்ளி அழிப்பானால் தேய்க்காதீர்கள். நம் ஊர் ஈரத்துக்கு அதில் அழுக்கு படிவது உண்மைதான். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது, தேய்க்கத் தேய்க்கப் போய்விடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை, நூல் உதிராத துணியில் தொட்டு மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு பூட்டுங்கள்.

கடைசியாக, ஸ்கிரீன் வந்துவிட்டது என்பதாலேயே ரேம் நல்லது என்று ஆகாது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுக்க ஓட விடுங்கள். இலவசமாகவே கிடைக்கிறது. எக்ஸ்எம்பி இல்லாமல் ஓட விட்டும் ஒரே ஒரு எர்ரர் வந்தால்கூட அந்த ரேமை நம்பக்கூடாது. பல நிறுவனங்கள் ரேமுக்கு ஆயுள் உத்தரவாதம் தருகின்றன. ரசீதையும், எந்த ஸ்லாட்டில் என்ன ஆனது என்று எழுதிய தாளையும் கொண்டுபோய் மாற்றிக் கேளுங்கள்.

அந்தப் பையனுக்கும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஞாயிறு இரவு ஓட விட்டிருக்கிறார்கள். திங்கள் காலை ஐந்தே காலுக்கு என் போன் அடித்தது. பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா.

"தம்பி, பையன் இன்னும் எழுந்திரிக்கல. எர்ரர்னு போட்டிருக்கிற இடத்தில சைபர்தான் இருக்கு. நல்லதுதானே?"

"நல்லதுதான் அண்ணே" என்றேன். "அவன் எழுந்ததும் சொல்லுங்க, ரேமை மாற்றவேண்டியதில்லை."