மேடைக்கு முன்னே ஒரு பட்டியல்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

கட்சியின் தேசிய மாநாடு என்றதும் நம் கண்முன் வருவது பந்தல், கொடி, தலைவருக்கு விழும் மாலை, மறுநாள் பத்திரிகையில் வரும் முதற்பக்கப் படம். நான் கொழும்பில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்சி வேலை செய்தவன். என் இடம் எப்போதும் காரியாலயத்தின் பின்னறை மேசைதான். கடிதம் தட்டச்சுச் செய்தேன், கூட்டக்குறிப்பு எழுதினேன், சந்தாப் பற்றுச்சீட்டைச் சரிபார்த்தேன். அந்த மேசையில் இருந்தபடி கண்டதை இன்று சொல்ல வந்திருக்கிறேன். ஒரு மாநாடு நேர்மையாக நடக்குமா நடக்காதா என்பது, மாநாட்டில் வாக்களிக்கக் கிளைகள் அனுப்பும் பேராளர்களின் பட்டியல் எழுதும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் திகதி. கொழும்பில் செப்டெம்பர் என்றால் கட்சிகளின் மாதம். ஐக்கிய தேசியக் கட்சி 1946 செப்டெம்பர் 6இல் பிறந்தது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 1951 செப்டெம்பர் 2இல் கொழும்பு நகர மண்டபத்தில் தொடங்கியது. ஆண்டு விழாவும் மாநாடும் அந்த நாட்களை ஒட்டி வருவது வழக்கம். மற்றவர்கள் மழையைப் பார்க்க வேண்டும், உயர்தரப் பரீட்சையைப் பார்க்க வேண்டும், கோயில் திருவிழாவைப் பார்க்க வேண்டும். ஆடி மாதத்தில் கொழும்பு வேல் விழா நேரத்தில் கூட்டம் வைத்தால், காலி நகருக்குப் போகும் பெருவீதியான காலி வீதியில் பஸ் நகராது. பிறகு மண்டபம், பொலிஸ் அனுமதி, ஒலிபெருக்கி அனுமதி. இவை அலுப்பான வேலைகள்தான். ஆனால் ஓடித்திரிய நாலு இளைஞர்கள் இருந்தால் முடிந்துவிடும்.

பட்டியல் அப்படி முடியாது.

கட்சி யாப்பு, அதாவது கட்சியின் சட்டதிட்டம், என்ன சொல்கிறது? பெரும்பாலும் இப்படி இருக்கும்: கிளைக்கு இத்தனை உறுப்பினர் இருந்தால் இத்தனை பேராளர், தொகுதிக் கிளைக்கு இத்தனை, மகளிர் அணிக்கும் இளைஞர் அணிக்கும் இத்தனை, மத்திய செயற்குழு முழுவதும். வாசிக்க எளிது. ஆனால் கிளையில் எத்தனை உறுப்பினர் என்று யார் எண்ணுவது? நான் காரியாலயத்துக்குப் போன புதிதில் ஒரு கிளையின் உறுப்புரிமைப் படிவங்கள் ஒரு கட்டாக வந்தன. நாற்பது படிவம். எல்லாம் ஒரே நீலப் பேனை, ஒரே சாய்ந்த கையெழுத்து. அவற்றில் இரண்டு பேர் கனடாவுக்குப் போய் ஐந்து வருடம் என்பது எனக்கே தெரியும். அந்தக் கட்டை மேசையில் வைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்தேன். கிளைத் தலைவர் மூத்தவர், என்னைத் தூக்கி வளர்த்தவரின் நண்பர். அந்தக் கிளைக்கு நாலு பேராளர் கிடைத்தார்கள். நாலு வாக்கு. அந்த நாலு வாக்கையும் இன்றைக்கும் என் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

இது சின்ன விடயம் என்று சொல்பவர்களுக்கு ஓர் அண்மைக்கால நிகழ்வை நினைவூட்டுகிறேன். 2024 ஜனவரி 21ஆம் திகதி இலங்கைத் தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு திருகோணமலையில் நடந்தது. கட்சியின் வரலாற்றில் தலைவர் பதவிக்கு இப்படி வாக்கெடுப்பு நடந்ததை நாம் எல்லோரும் ஆவலோடு பார்த்தோம். சிவஞானம் சிறீதரனுக்கு 184 வாக்கு, எம். ஏ. சுமந்திரனுக்கு 137 வாக்கு. தோற்றவர் வென்றவரை வாழ்த்தினார். ஒரு கட்சிக்கு அதைவிட நல்ல நாள் இருக்க முடியாது. ஆனால் அடுத்த வாரம் நடக்கவிருந்த தேசிய மாநாடு தள்ளிப்போனது. பெப்ரவரியில் திருகோணமலை மாவட்ட நீதிமன்றம் மாநாட்டுக்கு இடைக்காலத் தடை விதித்தது. தலைவரைத் தெரிவு செய்யும் பொதுச்சபையில் வாக்களித்தவர்களின் தொகை யாப்புக்கு ஒத்ததா என்பது வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்று. யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பொதுச்சபை உறுப்பினர் யார் யார் என்ற பட்டியல் ஆறு மாதத்துக்கு முன்னே எல்லோரும் ஏற்றுக்கொண்டு கையொப்பமிட்டதாக இருந்திருந்தால், அந்த நல்ல நாள் நீதிமன்றப் படியேறியிருக்காது என்பதே என் ஆதங்கம்.

அதே கட்சி 1949 டிசம்பர் 18இல் இந்தக் கொழும்பில்தான், மருதானையில் அரசாங்க எழுதுவினைஞர் சங்க மண்டபத்தில் தொடங்கியது என்பதை இளையவர்கள் பலர் அறியமாட்டார்கள். முதல் தேசிய மாநாடு 1951இல் திருகோணமலையில். 1956 ஓகஸ்டில் அங்கேயே மீண்டும் ஒரு மாநாடு. சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்த மாநாட்டுக்கு மக்கள் நடந்தே போனார்கள். திருமலை யாத்திரை என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாநாட்டு ஆயத்தத்தை இதைவிட அழகாக யாரும் செய்ததாக எனக்குத் தெரியவில்லை. நடந்து போகிறவன் வழியில் ஒரு ஊரில் தண்ணீர் குடிப்பான், இன்னோர் ஊரில் திண்ணையில் படுப்பான், ஏன் போகிறாய் என்று கேட்பவருக்குப் பதில் சொல்வான். மாநாட்டுக்குப் போய்ச் சேரும்போது அவன் தன் கோரிக்கையைப் பல வாயால் சொல்லிப் பழகியிருப்பான்.

அந்த மாநாட்டின் தீர்மானத்தையும் பாருங்கள். சமஷ்டி என்னும் கூட்டாட்சி, தமிழுக்குச் சம அந்தஸ்து, மலையக மக்களின் குடியுரிமை, தமிழ்ப் பகுதிகளில் அரசின் குடியேற்றத்தை நிறுத்துதல். நான்கு கோரிக்கை, அதற்கு ஓராண்டு அவகாசம். அந்த ஓராண்டு முடிவதற்குள், 1957 ஜூலை 26இல், பிரதமருக்கும் தமிழரசுக் கட்சியை நிறுவியவருக்கும் இடையே பண்டாரநாயக்க–செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தானது. பிறகு அது கிழித்தெறியப்பட்டது வேறு கதை. ஆனால் தீர்மானத்தில் ஒரு திகதி இருந்தபடியால்தான் எதிர்த்தரப்பு நாட்காட்டியைப் பார்க்க வேண்டி வந்தது என்று நான் நம்புகிறேன். இன்று கட்சிகளின் தீர்மான வரைவுகளை எடுத்துப் பார்த்தால் 'வலியுறுத்துகிறது', 'கேட்டுக்கொள்கிறது', 'கண்டிக்கிறது' என்று பக்கம் பக்கமாக இருக்கும். யார், எதை, எப்போதைக்குள் என்று இராது.

தீர்மானம் பற்றி இன்னொன்று. கொழும்பில் இயங்கும் தேசியக் கட்சிகளில் நம்மவர் பலர் இருக்கிறார்கள். அங்கே தீர்மானம் சிங்களத்தில் எழுதப்பட்டு, மாநாட்டுக்கு முதல்நாள் இரவு யாரோ ஒருவரிடம் தமிழாக்கத்துக்கு வரும். அந்த யாரோ ஒருவனாக நான் பலமுறை இருந்திருக்கிறேன். ஒரு சொல் என்ன செய்யும் என்பதற்கு 2017இல் வந்த அரசியலமைப்பு வழிப்படுத்தும் குழுவின் இடைக்கால அறிக்கை போதும். சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய', அதாவது ஒற்றையாட்சி என்று பலர் விளங்கிக்கொள்ளும் சொல்; தமிழில் 'ஒருமித்த நாடு'. அந்த இரண்டு சொல்லை வைத்து நாடே மாதக்கணக்கில் வாதாடியது. அப்படியிருக்க, இரவு பதினொரு மணிக்குத் தேநீர் குடித்துக்கொண்டு மொழிபெயர்த்த தாளுக்கு மறுநாள் காலை கைதூக்கச் சொல்வது பேராளருக்குச் செய்யும் அவமரியாதை. இரு மொழி வரைவும் ஒரே நாளில், குறைந்தது மூன்று வாரத்துக்கு முன் கிளைகளுக்குப் போக வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது என் மனதை விட்டுப் போகாத ஒரு காலை.

மாநாடு கொழும்பில். மட்டக்களப்பு இரவுப் புகையிரதத்தில் வந்தவர்கள் விடியற்காலையில் கொழும்புக் கோட்டை புகையிரத நிலையத்தில் இறங்கி, முகம் கழுவி, நேரே மண்டபத்துக்கு வந்திருந்தார்கள். பின்கட்டில் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாழையிலையும் பருப்பும் மணத்தது. பதிவு மேசையில் நான். ஹட்டன் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, தோட்டத்தில் லீவு கேட்டு, முதல்நாள் மத்தியானமே புறப்பட்டவர். கையில் அழைப்புக் கடிதம், நாலாய் மடித்து, வியர்வையில் நனைந்திருந்தது. பட்டியலில் அவருடைய பெயர் தமிழில் ஒருவிதமாக இருந்தது. அடையாள அட்டையில் பெயர் சிங்களத்தில் மட்டும், அதுவும் தோட்டத்துப் பதிவில் எழுதியவர் தன் காதுக்குக் கேட்டபடி எழுதியது. இரண்டும் பொருந்தவில்லை. வாக்கெடுப்பு உள்ள மாநாடு, கடும் போட்டி. பெயர் பொருந்தாவிட்டால் உள்ளே விடக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. நான் உத்தரவைக் காட்டினேன்.

அவர் சண்டை பிடிக்கவில்லை. "ஐயா, இது நான்தான்" என்று மட்டும் சொன்னார். இரண்டு தடவை. பிறகு வாசல் மதிலோரம் போய் உட்கார்ந்தார். மத்தியானம் யாரோ அவருக்கும் ஒரு பார்சல் கொடுத்தார்கள். உள்ளே தோட்டத் தொழிலாளரின் சம்பளம் பற்றிய தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அவரை உள்ளே விட வழி இருந்தது. கிளைச் செயலாளரை அழைத்து அடையாளம் கேட்டிருக்கலாம். ஐந்து நிமிடம் போதும். அதற்கு முன்னே, பட்டியல் எழுதும்போது அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டு எழுதியிருந்தால் கேள்வியே வந்திராது. ஆயத்தம் என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து என் கையால் போகும் பட்டியலில் பெயர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கும், பக்கத்தில் அட்டை இலக்கம் இருக்கும். அனுப்புவதற்கு முன் இரண்டு வாரம் கிளைக் காரியாலயக் கதவில் ஒட்டியிருக்கும். தெருவில் போகிறவரும் வாசிக்கலாம், பிழை சொல்லலாம்.

அண்மையில் கொட்டாஞ்சேனையில் அப்படி ஒட்டிய பட்டியலைப் பார்த்து ஒரு முதியவர் உள்ளே வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "தம்பி, முப்பத்தோராவது ஆள் போன வைகாசியில மோசம்போயிட்டார். மகள் இருக்கிறா, அவவின்ட பேரப் போட்டுவிடுங்கோவன்" என்றார். பேராளர் இடம் பரம்பரைச் சொத்து இல்லை ஐயா, கிளை கூடித் தெரிவு செய்ய வேண்டும் என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. ஆனாலும் அவரே வீடு வீடாகப் போய்ச் சொன்னார். ஞாயிறு பின்னேரம் கிளை கூடியது, 14 பேர் வந்தார்கள். மகளின் பெயரும் முன்மொழியப்பட்டது, இன்னோர் ஆசிரியையின் பெயரும் முன்மொழியப்பட்டது. கைதூக்கியதில் ஆசிரியைக்கு 9, மகளுக்கு 5. மகளே எழுந்து போய் அவருக்குக் கைகொடுத்தார். நான் ஆசிரியையின் அடையாள அட்டையை வாங்கி, முப்பத்தோராவது வரிசையில் அவர் பெயரை மூன்று மொழியிலும் எழுதினேன். சரிதானா என்று வாசித்துப் பார்க்கச் சொல்லி அவரிடமே கொடுத்தேன்.

நன்றி, வணக்கம்.