பூசலார் வெட்டிய கிணறு

அவையோருக்கு வணக்கம்.

சிவனடியார் பூசலார் கட்டிய கோயில் எங்கே என்று கேட்டுக்கொண்டு திருநின்றவூருக்கு வந்தான் பல்லவ மன்னன். அப்படி ஒரு கோயிலே இங்கில்லை என்றார்கள் ஊரார். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. பூசலார் கோயிலைக் கட்டியது மனத்துக்குள்.

இந்தக் கதையைப் பக்திக்காகவே கேட்டுப் பழகிவிட்டோம். கட்டுமானக் கணக்காகப் படித்துப் பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் வரிசையாகச் சொல்கிறார். கையில் காசில்லாத பூசலார் முதலில் மனத்திலேயே நிதி திரட்டுகிறார். பிறகு தளவாடம், தச்சர். நல்ல நாள் பார்த்துக் கடைக்கால். இரவிலும் வேலை. அடிக்கல் வரிசையான உபானம் தொடங்கி ஒவ்வொரு கல்வரிசையாக ஏற்றி, சிகரத்தை முழக்கணக்கில் முடிக்கிறார். உச்சிக் கலசமான தூபியை நட்டு, சுண்ணாம்புச் சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் எழுப்பி, குளமும் தோண்டிய பிறகுதான் இறைவனை எழுந்தருளச் செய்ய நாள் குறிக்கிறார். மனக்கோட்டை கட்டுகிறவர் யாராவது கிணறு வெட்டியதுண்டா?

கோயிலுக்குப் போகாதவர்களும் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பூசலார் போல நீங்களும் மனத்தில் கட்டிப் பாருங்கள். நம்பிக்கை உள்ளவர் சந்நிதி கட்டலாம், இல்லாதவர் பாட்டி வீட்டு அடுப்படியைக் கட்டலாம்.

தினம் 15 நிமிடம். போன் அடுத்த அறையில் இருக்கட்டும். ஒரு நாளைக்கு ஓர் உறுப்புதான்: அதிட்டானம் (அடித்தளம்), சுவர், பிரஸ்தரம் (சுவருக்கு மேலுள்ள கூரைப் பகுதி), கழுத்து (சிகரத்தைத் தாங்கும் பகுதி), சிகரம், தூபி. சுவர் நாளில் சுவர் மட்டும். உளி கொத்திய சொரசொரப்பு விரலில் படுகிறதா? காலை வெயில் எந்தப் பக்கம் விழுகிறது?

நடுவில் மனம் ஆபீசுக்கு ஓடும், ஓடட்டும். திரும்பி வந்ததும் கடைசியாக வைத்த கல்லிலிருந்து தொடருங்கள். பலர் வெட்கப்பட்டு மறுபடி அஸ்திவாரத்துக்கே போகிறார்கள். நாலு தடவை அஸ்திவாரம் போட்டதும் அலுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு தொல்லை, எங்கோ பார்த்த கோயிலின் போட்டோ வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை விரட்ட அளவு கேளுங்கள். வாசல் எத்தனை முழம்? நிலைப்படியில் தலை குனிய வேண்டுமா? போட்டோ பதில் சொல்லாது, நீங்களேதான் அளக்க வேண்டும்.

மூன்றாம் நாளே சிகரத்தைப் பார்த்துவிட ஆசை வரும். பார்த்தால் நான்காம் நாள் வேலை நகராது. குடமுழுக்கு நாளை மட்டும் இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். கிணற்றுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள்.