‘ஹேட் ஹேட்’னு ரெண்டு தடவை வரலாமா? சந்தேகங்களுக்கு விளக்கம்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு நண்பர் கேட்டிருக்காங்க: “இங்கிலீஷ்ல ‘ஷீ ஹேட் (had) ஹேட் ஃபீவர் ஃபார் த்ரீ டேஸ் பிஃபோர் ஷீ சா எ டாக்டர்’னு படிச்சேன். ஹேட் ரெண்டு தடவை வந்திருக்கே, அச்சுப் பிழையா?”

பிழை இல்லைங்க, சரியான வாக்கியம்தான். முதல் ஹேட் துணைவினை. ரெண்டாவதுதான் மெயின் வெர்ப், அதாவது ஹேவ்-ங்கிற வினையோட மூணாவது வடிவமான வி த்ரீ. கடந்த காலத்துல ஒரு சம்பவத்துக்கும் முன்னாடி நடந்ததைச் சொல்ற பாஸ்ட் பெர்ஃபெக்ட்னா ஹேட் போட்டு வி த்ரீ போடுவோம் இல்லையா, ஹேட் ஈட்டன், ஹேட் கான் மாதிரி. ஹேவ்-க்கு வி த்ரீயும் ஹேட்டாவே இருக்கிறதால ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்துடுது.

இதுக்கு நீங்க பயப்படவே வேண்டாம், ஏன்னா தமிழ்ல நாம தினமும் பேசுறதுதான். ‘நேரம் இருந்திருந்தா வந்திருப்பேன்’னு சொல்றோம். ‘இருந்திருந்தா’ல ‘இரு’ ரெண்டு தடவை வருது, யாருக்கும் உறுத்துறதில்லை. அதையே இங்கிலீஷ்ல சொன்னா, ‘இஃப் ஐ ஹேட் ஹேட் டைம், ஐ வுட் ஹேவ் கம்’. இதுல ஒரு ஹேட்டை எடுத்துட்டா ‘இப்போ நேரம் இருந்தா’ங்கிற பக்கம் அர்த்தம் போயிடும். அதனால இந்த இஃப் வாக்கியத்தை மட்டும் நல்லா பழகிக்கோங்க, பேச்சுல அதிகம் தேவைப்படுறது இதுதான்.

பேசும்போது ரெண்டையும் ஒரே அழுத்தத்துல சொல்லாதீங்க. முதல் ஹேட் லேசா வரும், பெரும்பாலும் ‘ஐட் ஹேட்’, ‘ஷீட் ஹேட்’னு சுருங்கிடும். அழுத்தம் ரெண்டாவதுக்குத்தான். இல்லைன்னு சொல்லணும்னா நடுவுல நாட் வரும்: ‘ஐ ஹேடன்ட் ஹேட் எனி ஸ்லீப்’. கேள்வின்னா ஆள் நடுவுல வந்துடும்: ‘ஹேட் ஷீ ஹேட் ஃபீவர்?’

தெரிஞ்சுக்கிட்டோம்னு எல்லா இடத்துலயும் போட்டுடாதீங்க. ‘ஐ ஹேட் ஹேட் லன்ச் யெஸ்டர்டே’னு தனியா சொன்னா சரியா வராது. நேத்து நடந்த ஒரே விஷயம், ஒரு ஹேட் போதும். மேல சொன்ன இஃப் வாக்கியத்தைத் தவிர, கடந்த காலத்துல இன்னொரு சம்பவம் இருந்து, அதுக்கும் முன்னாடி நடந்ததைச் சொல்லும்போதுதான் ரெண்டு ஹேட்டுக்கு வேலை. இன்னிக்கு வரைக்கும் தொடருதுன்னா ஹேவ் ஹேட்: ‘ஐ ஹேவ் ஹேட் திஸ் ஃபோன் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. ஃபோன் இன்னும் கையில இருக்கு.

‘தட் தட்’டும் இதே மாதிரி சரிதான், ‘ஐ நோ தட் தட் இஸ் ராங்’. ஆனா அங்க முதல் தட்டை விட்டுட்டு ‘ஐ நோ தட்ஸ் ராங்’னே சொல்லலாம், கேக்கவும் நல்லா இருக்கும்.