திருப்புளிக்கு வேலையில்லாத கார்

நேயர்களுக்கு வணக்கம். காரை மாற்றியமைக்கும் ஆசை இளைஞர்களிடம் குறைந்துவருகிறது என்று பலரும் சொல்கிறார்கள். கைபேசி மோகம், சோம்பல் என்று அவர்கள்மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை. முதல் படியே இல்லாத ஏணியில் யார்தான் ஏறுவார்கள்?

பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியில் அந்த முதல் படி ஒரு திருப்புளிதான். அந்தக் கலவையைக் கூட்டிக் குறைக்கும் திருகை அழுத்தாமல் கடைசிவரை உள்ளே முடுக்கி, சுமார் ஒன்றரைச் சுற்று வெளியே எடுப்பார்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு கால் கால் சுற்றாகத் திருப்பிப் பார்ப்பார்கள். பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் திணறும். கூடினால் புகை கறுக்கும், வாடை வீசும். ஓட்டம் சீராகும் இடத்தைக் காது சொல்லிவிடும். தவறினாலும் பழைய இடத்துக்கே திருப்பிவிடலாம், காசு நஷ்டமில்லை. ஆசை துளிர்த்தது அங்கேதான்.

இன்று அந்தக் கலவையை புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரைக் கேட்டு, எஞ்சினை ஆளும் ஈசியூ கணினியே வினாடிக்குப் பல முறை திருத்திக்கொள்கிறது. புதிய கார்கள் பலவற்றில் அதன் மென்பொருள் பூட்டியே வருகிறது. சத்தத்துக்காக, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றினால், அதன் பின்னால் உள்ள சென்சார் கண்டுபிடித்து எஞ்சின் விளக்கை எரியவிடும். புகைச் சோதனையிலும் வண்டி தேறாமல் போகலாம். மின்சாரக் காரில் சைலன்சரே கிடையாது.

வண்டியின் உயரத்தை 30 மில்லிமீட்டர் இறக்குவதை எடுத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கை மாற்றினால் சக்கரக் கோணங்கள் மாறும். வீல் அலைன்மென்ட் செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு தேயும். இதெல்லாம் பழைய காரிலும் உண்டு. ஆனால் இப்போது பல கார்களில் சாலையைக் கவனிக்க முன்கண்ணாடிக்குப் பின்னே கேமரா, பம்பருக்குள் ரேடார். முன்னும் பின்னும் சமமாக இறங்காவிட்டால் அவற்றின் பார்வை சாயும். ஒரு டிகிரி பிசகினாலே 100 மீட்டர் தொலைவில் 1.75 மீட்டர் விலகல். ஓர் ஆள் உயரம்! தானாகப் பிடிக்க வேண்டிய பிரேக் தாமதமாகலாம், காரணமில்லாமலும் பிடிக்கலாம். இதைச் சரிசெய்ய சமதளமான தரை, கேமராவுக்கும் ரேடாருக்கும் குறிகாட்டும் பலகைகள், காரின் கணினியோடு பேசும் ஸ்கேனர் எல்லாம் வேண்டும். வீட்டு வாசலில் நடக்கிற வேலையா இது?

பாட்டுப்பெட்டியும் அப்படித்தான். 180-க்கு 100 மில்லிமீட்டர் அளவில் எந்த நிறுவனத்தின் பெட்டியும் பொருந்திய காலம் போய், பல கார்களில் ஏசியும் பின்கேமராவும் அதே தொடுதிரையில் வந்துவிட்டன. கழற்றினால் அவையும் போய்விடும்.

இவ்வளவுக்கும் மேலே காப்பீடு. மாற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் இழப்பீடு மறுக்கப்படலாம். தெரிவித்தால் பிரீமியம் ஏறலாம்.

இன்னமும் கைவைக்க ஆசைப்படும் இளைஞர்களுக்கு நான் டயரையும் பிரேக்கையும்தான் காட்டுவேன். 175/65 ஆர்14 என்றால் அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் நூற்றுக்கு 65 பங்கு, ரிம் 14 அங்குலம். அந்த டயரின் விட்டம் 583 மில்லிமீட்டர். 195/50 ஆர்15 டயருக்கு 576. வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றேகால் பங்குதான் என்பதால் ஸ்பீடோமீட்டர் பெரிதாகப் பொய் சொல்லாது. ஆனால் ரிம்மின் அகலம், ஆஃப்செட் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் அளவு), டயர் தாங்கும் எடையைச் சொல்லும் சுமைக் குறியீடு மூன்றையும் பார்த்த பிறகே வாங்குங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ஈரம் ஏறிவிட்டால் அது 155 வரை இறங்கலாம். மலை இறக்கத்தில் பிரேக் சூடேறி, ஆயில் கொதித்துக் குமிழி கட்டி, பெடல் பஞ்சாக உள்ளே போவது அதனால்தான். ஈராண்டுக்கு ஒருமுறை, கையேட்டில் உள்ள சக்கர வரிசைப்படி, பழைய ஆயிலை வெளியேற்றிப் புதியதை ஊற்றுங்கள்.