லக்கேஜோட பிரான்ஸ் மலையில சைக்கிள்: கால் பலத்தை விட சின்ன கியர்தான் முக்கியம் | செவென் வ்லாக்

வணக்கம் மக்களே, பின்னாடி தண்ணி சத்தம் கேக்குதா, அது தார்ன் ஆறு, இந்தா தெரியுது பாருங்க மொன் லோசேர் மலை, அதுலதான் இது பொறக்குது. நான் இருக்கிற ஊர் பேரு லெ பொன் தெ மொன்வேர். தெற்கு பிரான்ஸ்ல செவென்ங்கிற மலைப்பகுதி, லோசேர் மாவட்டம், ஐரோப்பாவுல இருக்கிற பிரான்ஸ்லயே ஜனத்தொகை ரொம்ப கம்மியான மாவட்டம் இதுதான், மொத்தமா 80,000 பேர் கூட கிடையாது. சைக்கிள்ல டூர் போறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம்னு இங்க வந்தாதான் தெரியும், காலையில இருந்து என்னைத் தாண்டிப் போன வண்டியை விட நான் பாத்த ஆடு ஜாஸ்தி.

சரி, நிறைய பேர் கேக்குறது இதுதான், பை எல்லாம் மாட்டிக்கிட்டு இந்த மலையில எப்படி ஏறுறீங்க, அதுக்கு ஸ்பெஷல் ட்ரெய்னிங் வேணுமா. கேமராவைக் கீழ கொண்டு வரேன், இதைப் பாருங்க. முன்னாடி பெடலோட சுத்துற பல்சக்கரம், அதாவது செயின்வீல்ல சின்னது, 26 பல்லு. பின்சக்கரத்துல இருக்கிற பல்சக்கர அடுக்கு, அதாவது கேசட்ல பெருசு, 36 பல்லு. இந்த கியர்ல பெடலை ஒரு முழு சுத்து சுத்துனா வண்டி ஒன்றரை மீட்டர்தான் நகரும், நிமிஷத்துக்கு 60 சுத்து சுத்துனா மணிக்கு அஞ்சரை கிலோமீட்டர், அவ்ளோதான். நடக்குற ஸ்பீடுதான், ஆனா மூச்சு வாங்காது, முட்டி வலிக்காது, பேசிக்கிட்டே ஏறலாம். கடையில ரேஸ் சைக்கிளைக் காட்டி இதுவே போதும் சார்னு சொல்லுவாங்க, அதுல முன்னாடி சின்னதே 34 பல்லு இருக்கும், வெறும் வண்டிக்கு ஓகே, கூடாரம் துணி சமையல் சாமான்னு இருபது கிலோ ஏத்திட்டு அதுல ஏறுனா ரெண்டாவது மேட்டுலயே முட்டி கேள்வி கேக்கும். தயவு செஞ்சு பணத்தை ஃப்ரேம்ல போடாதீங்க, கியர்ல போடுங்க.

இதை நான் புதுசா கண்டுபிடிக்கல, இதே பிரான்ஸ்ல நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒருத்தர் கத்திக்கிட்டு இருந்தாரு. போல் தெ விவி, வெலோசியோன்னு புனைபெயர்ல எழுதுவாரு, சேன்ட் எத்தியேன் ஊர்க்காரர், முதல்ல பட்டு வியாபாரம் பண்ணவரு, அப்புறம் சைக்கிளுக்குன்னே பத்திரிகை நடத்துனாரு. மலை ஏறணும்னா ஒரு சைக்கிள்ல பல கியர் வேணும்னு எழுதுறாரு, தானே ஏறிக் காட்டுறாரு, ரேஸ் ஆளுங்க அதெல்லாம் பலவீனமானவங்களுக்குன்னு சொல்லிட்டாங்க. டூர் தெ பிரான்ஸ் ரேஸ்ல, ஓட்டிக்கிட்டே செயினை ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துற டீரெய்லர் கியரை அனுமதிச்சதே 1937லதான், அவர் 1930லயே போய்ட்டாரு. டூர் போறவங்களுக்கு அவர் ஒரு ஏழு விதி எழுதி வச்சிருக்காரு, பசிக்கிறதுக்கு முன்னாடி சாப்பிடு, தாகம் எடுக்குறதுக்கு முன்னாடி குடி, சக்திக்கு மீறி மிதிக்காத, முக்கியமா முதல் சில மணி நேரத்துல. எனக்கு ரொம்பப் பிடிச்சது கடைசி விதி, வீம்புக்காக மிதிக்காத. என்னைக் கேட்டா அதை ஹேண்டில்பார்ல எழுதி ஒட்டிக்கலாம்.

அடுத்து ரூட். அலேஸ்ல இருந்து புளோராக்குக்கு என்106 ரோடு இருக்கு, லாரி வரும், அதை விடுங்க. சான் ழான் து கார் ஊர்ல இருந்து மலை மேல போற ரோட்டை எடுங்க, கார்னிஷ் தெ செவென்னு பேரு, புளோராக் வரைக்கும் 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. முதல்ல 400 மீட்டர் உயரம் ஏறணும், அங்க கொஞ்சம் பொறுமை வேணும், அதுக்கப்புறம் ரோடு மலை முதுகு மேலயே போகுது, ரெண்டு பக்கமும் பள்ளத்தாக்கு, ஏறுன உயரத்தைப் பெருசா இழக்காம அப்படியே போலாம், சைக்கிள்காரனுக்கு அதை விட என்ன வேணும். அப்படி ஏன் மேல போட்டாங்கன்னா அது ராணுவ ரோடு. 1685ல பதினாலாம் லூயி ராஜா புராட்டஸ்டண்ட் மதத்துக்கு இருந்த அனுமதியை ரத்து பண்றாரு, இந்த மலை முழுக்க புராட்டஸ்டண்ட் ஜனங்க, 1702ல கலகம் வெடிக்குது, கீழ பள்ளத்தாக்குல எங்க வேணா ஒளிஞ்சுக்கலாம், அதனால படையை சீக்கிரம் நகத்துறதுக்கு மலை முகட்டுல பாதையை அமைச்சாங்க. அந்தக் கலகம் ஆரம்பிச்சது நான் உக்காந்துருக்கிற இதே ஊர்லதான், ஜூலை 1702, ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் தன்னோட வீட்டுல புராட்டஸ்டண்ட் ஆளுங்களை அடைச்சு வச்சிருந்தாரு, அவங்களை விடுவிக்க வந்த கும்பல் அவரைக் கொன்னுடுச்சு. இப்ப பாருங்க, மணிக்கூண்டு வச்ச பாலம், காபி கடை, ரெண்டு நாய் தூங்குது.

தண்ணிக்கு ஒரு விஷயம். பிரான்ஸ் கிராமத்துல பாட்டில் காலியானா கல்லறைக்குப் போங்கன்னு சைக்கிள் ஆளுங்க சொல்லுவாங்க, பூவுக்கு ஊத்த ஒரு குழாய் இருக்கும், குடிக்கக் கூடாதுன்னு போர்டு இல்லாமப் பாத்து புடிச்சுக்கலாம். ஆனா இந்த மலையில அதை நம்பி வராதீங்க, ஏன்னா அந்தக் காலத்துல கத்தோலிக்கக் கல்லறையில புராட்டஸ்டண்ட்களைப் புதைக்க விடல, அதனால அவங்க சொந்த நிலத்துலயே வீட்டுப் பக்கத்துல புதைச்சாங்க, நிறைய வீட்டோரம் சைப்ரஸ் மரத்தடியில நாலஞ்சு கல்லு நிக்கும், அது குடும்பக் கல்லறை, அங்க குழாயை எதிர்பாக்க முடியாது. அதனால ஒவ்வொரு ஊர்லயும் பாட்டிலை நிரப்பிட்டே போங்க, ரெண்டு பாட்டில் பத்தாது, மூணு.

சாப்பாடும் அப்படித்தான், மத்தியானம் பன்னெண்டரைக்குக் கடையை மூடுனா மூணு மூன்றரை வரைக்கும் திறக்க மாட்டாங்க, திங்கக்கிழமை நிறைய கடை லீவு. காலையிலயே ரொட்டி வாங்கி பையில சொருகிடுங்க. அப்புறம் இது, பாருங்க, உள்ளங்கைல அடங்குது, பெலார்தோன், ஆட்டுப்பால் சீஸ், 60 கிராம்தான், மேல தோல் லேசா சுருங்கியிருக்கு, உள்ள வெண்ணெய் மாதிரி, கடைசியில ஒரு காரம் வரும். செஸ்ட்நட் தேனோட இதை ரொட்டியில வச்சு சாப்பிட்டா ஏத்தம் எல்லாம் மறந்துரும். இந்த மலையில கோதுமை சரியா வராது, அதுக்குப் பதிலா செஸ்ட்நட் கொட்டைதான் சாப்பாடு, அதனால அந்த மரத்தைத்தான் ரொட்டி மரம்னு சொல்லி வளத்துருக்காங்க, சரிவு முழுக்கக் கல்லடுக்கி படி படியா கட்டி அதுல மரம் நட்டுருக்காங்க, ரோட்டுல இருந்தே தெரியும்.

மெதுவா போறதுல எனக்குக் கிடைச்ச பெரிய விஷயம் கல்லு. சிரிக்காதீங்க, நிஜமா. சான் ழான் பக்கம் வீடு எல்லாம் கருப்பா தகடு தகடா இருக்கிற சிஸ்ட் கல்லு, கூரையும் அதே. லெ போம்பிடு ஊர் தாண்டி மேல ஏறுனா திடீர்னு சுண்ணாம்புக்கல், மரம் இல்லாத பொட்டல், ஆட்டு மேய்ச்சல். இங்க வந்தா கிரானைட், பெரிய பெரிய உருண்டைப் பாறை, வீடும் சாம்பல் கலர். கார்ல வந்தா அரைநாள்ல தாண்டிருவீங்க, எதுவும் மனசுல ஒட்டாது.

ஜாக்கிரதையா இருக்க வேண்டியது ரெண்டு. இறக்கத்துல கிராவியோன்னு போர்டு பாத்தா உடனே ஸ்பீடைக் குறைங்க, கோடையில ரோட்டுக்குப் புதுசா ஜல்லி தூவியிருப்பாங்க, வளைவுல பிரேக் புடிச்சா வழுக்கிரும். அப்புறம் செப்டம்பர்ல இருந்து நவம்பர் வரைக்கும் மழை. மத்தியதரைக்கடல் ஈரக்காத்து இந்த மலையில வந்து மோதி ஒரே நாள்ல சில நூறு மில்லிமீட்டர் கொட்டும், ஆறு சில மணி நேரத்துல ஏறிரும், வானிலை எச்சரிக்கை வந்தா ஆத்தோரம் கூடாரம் போடவே போடாதீங்க. மே கடைசி, ஜூன்தான் பெஸ்ட், அப்ப கீழ இருந்து ஆட்டு மந்தை மலை ஏறும், ரோட்டை அடைச்சிட்டு வரும், ஓரமா நின்னு வழி விட்டுருங்க.

இன்னைக்கு சாயங்காலம் ஏறப்போறது கோல் தெ ஃபினியேல் கணவாய், டி20 ரோடு, இங்க இருந்து 12 கிலோமீட்டர், 1,541 மீட்டர் உயரம். மேல மரமே கிடையாது, அதனால ஏறி முடிச்சதும் வேர்வையோட நிக்காம ஜாக்கெட்டைப் போட்டுட்டுதான் இறங்கணும். இந்த மலைக் கிராமங்கள்ல புயல் மணிக்கூண்டுன்னு இருக்கு, பனிப்புயல்ல வழி தெரியாம நிக்குறவங்க சத்தத்தை வச்சு ஊருக்கு வந்து சேரணும்னு மணிக்கணக்கா அடிச்சிக்கிட்டே இருப்பாங்களாம். அந்தப் பக்கம் இறங்குனதும் அதுல ஒண்ணைத் தேடிப் போய் கிட்டக்க காட்டுறேன், அடுத்த வீடியோல வரும். உங்க சைக்கிள்ல சின்ன கியர் எத்தனை பல்லுன்னு கீழ போடுங்க, செவெனுக்கு அது பத்துமா பத்தாதான்னு நான் கணக்குப் போட்டு சொல்றேன்.